பாவுக்கு அடியில் தண்டால்

என் மாமாவை ஒரு வருஷம் முழுக்க ஆரணியில் எங்கள் தெருவே ஒட்டகம் என்று கூப்பிட்டது. காணும் பொங்கலன்று ஏரிக்கரைத் திடலில் நடந்த தண்டால் போட்டியில், அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டதையெல்லாம் நடுவர் செல்லாது என்று தள்ளிவிட்டார். கை நிமிர்வதற்கு முன்னால் இடுப்பு மேலே போய்விட்டதாம். "ஒட்டகம் எழுந்துக்குதுடோய்!" என்று ஒரு குரல் கிளம்பியது. அவ்வளவுதான். அந்த மாசம் புதிதாக வந்த பால்காரர்கூட "ஒட்டகம் வூடு இதானே?" என்று கேட்டுத்தான் பால் ஊற்றினார்.

அம்மாவின் தம்பி அவர். எங்கள் வீட்டோடு இருந்து, அப்பாவின் தறிக்குப் பக்கத்துத் தறியில் பட்டு நெய்துகொண்டிருந்தார். ஒட்டகம் என்றால் அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிப்பு நின்றது ஐப்பசியில்தான். களம்பூரில் தூரத்து உறவில் ஒரு அக்காவை அவருக்குப் பெண் கேட்டு அம்மாவும் நானும் போயிருந்தோம். அப்பா இல்லாத வீடு. அந்த அக்காவின் அண்ணன் வைத்ததுதான் சட்டம். தறியை விட்டுவிட்டு அரிசி மில்லில் மூட்டை தூக்கப் போனவர். அவர் தோளைப் பார்த்தால் கதவு சின்னதாகத் தெரியும். போன தண்டால் போட்டியில் ஜெயித்தவரும் அவர்தான், ஒட்டகம் என்று முதலில் கத்தியவரும் அவர்தான்.

"பொண்ணு குடுக்கலாம்க்கா. ஆனா ஒட்டகம் நொழையற மாதிரி எங்க வூட்ல வாசப்படி இல்லியே" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். காபி கொண்டுவந்த அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் கையில் முறுக்கைத் திணித்து, "உங்க மாமா இந்த வருஷமும் போடுவாரா?" என்று காதோடு கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் இரண்டையும் சொன்னேன். அவர் ஊடை நூல் கோத்த நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, அதை ஓட்டவேண்டும் என்பதே மறந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் எல்லா விஷயத்திலும் கடைசித் தீர்ப்பு என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. நாளைக்கு மழை என்று ரேடியோ சொன்னால், "அப்டியாம்மா?" என்று அப்பா என்னைக் கேட்பார். டிரில் வாத்தியார் பையன்களுக்குத் தண்டால் சொல்லித்தரும்போது பெண்களிடம் ஒரு ரிங்கைக் கொடுத்துப் புங்க மரத்தடிக்கு அனுப்பிவிடுவார். ரிங்கைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு நான் அவர் சொல்வதையெல்லாம் கேட்டு வைத்திருந்தேன்.

"நான் சொல்லித்தரேன் மாமா."

"நீயா?"

"எங்க கிளாஸ்ல இது பாடம்."

பாடமெல்லாம் இல்லை. ஆனாலும் மாமா அப்போதே சட்டையைக் கழற்றிவிட்டார்.

உள்ளங்கை தோளுக்கு நேர் கீழே வந்தது. விலாவை விட்டு ஓடிய முழங்கை திரும்பி வந்தது. இறங்கும்போது மூச்சை இழுத்து, எழும்போது விடவும் பழகிவிட்டார். இடுப்பு மட்டும் அடங்கவில்லை. நாளெல்லாம் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்த உடம்பு அது.

"மேல போவுது மாமா!"

"எங்க போவுது? போவல."

"போவுது!"

"என் இடுப்பு எனக்குத் தெரியாதாடி?"

தெரியவில்லை. அதுதான் தொந்தரவு. முதுகில் என் சிலேட்டை வைத்துப் பார்த்தேன். அது சறுக்கி விழுந்து சட்டம் உடைந்ததுதான் மிச்சம்.

எங்கள் கூடத்தில் தறியிலிருந்து எதிர்ச்சுவர்க் கட்டைவரை பாவு விரிந்திருக்கும். தொடை உயரத்தில், தாழப் போட்ட பந்தல்போலப் பட்டு இழைகள். சமையலறைக்குப் போக அதற்கு அடியில் தவழ்ந்துதான் போகவேண்டும். முதுகு இழையில் பட்டால் எண்ணெய்க் கறை. கறை பட்டால் புடவை போச்சு. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நடை வருவதற்கு முன்பே அந்தப் பயம் வந்துவிடும்.

ஒருநாள் காலையில் மாமா தண்ணீர் குடிக்கப் பாவுக்கு அடியில் புகுந்தார். எதேச்சையாகப் பார்த்தேன். அவர் முதுகு பலகைபோல நேராக இருந்தது.

"நில்லு மாமா! அங்கியே போடு!"

போட்டார். அரக்கு நிறக் கல்யாணப் புடவையின் பாவு தலைக்குமேல் இருக்க, எந்த இடுப்புக்குத்தான் எழ மனசு வரும்? நான் தரையில் கன்னத்தை வைத்துப் பக்கவாட்டில் பார்த்தேன். தலையிலிருந்து குதிகால்வரை ஒரே கோடு. அன்று முதல் அதுதான் எங்கள் திடல்.

ஒரு வாரம் கழித்து அப்பா குளித்துவிட்டு ஈரத் துண்டோடு உள்ளே வந்தார். மாமா பாதியில் அப்படியே நின்றார்.

"இன்னாடா பண்ற அடியில?"

"இழை அறுந்துகீதானு பாக்கறாருப்பா" என்றேன்.

"மூச்சு வாங்கிகினா பாப்பான்?" அப்பா குனிந்து முதலில் இழைகளைப் பார்த்தார். பிறகு மாமாவின் முதுகைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர்மேல் எறிந்தார். "முதுக நல்லாத் தொடச்சிகினு போடு. ஒரு இழை போச்சுன்னு வை, உன்னியே பாவுல ஏத்திடுவேன்."

காணும் பொங்கலும் வந்தது. திடலில் கால் வைக்க இடமில்லை. கடைசிவரை தாக்குப்பிடிப்பவருக்கு எவர்சில்வர் குடம்; இடுப்பு தூக்கினால் விசில், வெளியே போகவேண்டும். மாமா தரையில் கைவைத்ததும் "ஒட்டகம்! ஒட்டகம்!" என்று ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சத்தம் தேய்ந்து அடங்கிவிட்டது. ஒவ்வொருவராக விழ, கடைசியில் எதிரெதிரே இரண்டே பேர்: மாமாவும், களம்பூர் அண்ணனும். அந்த அக்கா மாட்டு வண்டியின்மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா தறி ஓடுவதுபோல ஒரே சீராகப் போனார். களம்பூர் அண்ணனுக்கு முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, இடுப்பு மெல்ல மேலே கிளம்பியது. நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

"டேய், இன்னொரு ஒட்டகம்டா!" என்றான் கூட்டத்தில் ஒருத்தன்.

அக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமா தலையைத் தூக்கி வண்டியைப் பார்த்தார், எதிரில் இருப்பவரைப் பார்த்தார். பிறகு, விசில் ஊதுவதற்குள், பாயில் படுப்பதுபோல நிதானமாக மண்ணில் படுத்துக்கொண்டார்.

"எழுந்திரு மாமா! உன்னால முடியும்!" நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவர் ஒரு கண்ணைத் திறந்து, "கம்னு இரு" என்றார்.

குடம் களம்பூருக்குப் போனது. வாங்கியவர் மாமாவுக்குக் கைகொடுத்துத் தூக்கி, தன் துண்டாலேயே அவர் மார்பிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "உங்கக்காவ ஒருநாள் வூட்டுக்கு வரச்சொல்லு" என்றார். தோற்றுவிட்டு வந்த மனுஷன் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் சீட்டியடித்தபடி வீட்டுக்கு நடந்தார். நான் அழுதுகொண்டே வந்தேன்.

மாசியில் களம்பூரில் நிச்சயதார்த்தம். அந்தக் குடத்தில்தான் தண்ணீர் வைத்திருந்தார்கள். களம்பூர் அண்ணன் பாயசத்தோடு என் இலைக்கு வந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"எங்க மாமாவுக்கு அன்னிக்குக் கையே வலிக்கல. இன்னும் போட்டிருப்பாரு, தெரியுமா?"

அம்மா தொடையில் கிள்ளினாள். அவர் மட்டும் குனிந்து, என் டம்ளரில் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

"தெரியும் பாப்பா" என்றார் மெதுவாக.

தெரிந்தும் குடத்தைத் திருப்பித் தராமல் பெண்ணை மட்டும் தருகிறாரே, இது என்ன நியாயம் என்று யோசித்துக்கொண்டே நான் பாயசத்தைக் குடித்தேன்.