முதல் சொல்லோடு நின்ற பெயர்

பரிமளத்தைப் பற்றி யாராவது “பாவம், சாதுவான பிள்ளை” என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாதுவாவது மண்ணாவது! ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தினமும் மலையிறங்கி, சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டி, அரசாங்கக் கச்சேரி அலுவலர்களோடு சிங்களத்தில் மல்லுக்கட்டிக் காரியம் முடிக்கிறவள் அவள். கண்டி நகரில் ஒரு சின்ன அலுவலகத்தில் நாங்கள் சேர்ந்து வேலை செய்தோம். பிடிபட்டவர்களுக்குச் சட்ட உதவி செய்கிற இடம். நான் றம்லத், கட்டுகஸ்தோட்டைக்காரி. வருகிறவர்களிடம் நடந்ததைக் கேட்டு எழுதுவேன். பரிமளம் அவர்களுடைய பத்திரங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவாள். வன்னியில் சண்டை உச்சத்தில் இருந்த காலம். தமிழ்ப் பெயர் என்றால் போதும், பிடித்துக்கொண்டு போனார்கள்.

பத்திரங்களைக் கொழும்பில் இருந்த எங்கள் சட்டத்தரணிக்கு அனுப்புவதற்கு எங்கள் பொறுப்பாளர் பாலேந்திரன் சார் ஷெல் ஸ்கிரிப்ட் என்கிற சின்ன நிரல் ஒன்றை எழுதி வைத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பெரிய படிப்பு. கோப்புகளை ஒரு ஃபோல்டரில் போட்டால் போதும். மத்தியானம் அது தானாக ஓடி, ஒவ்வொரு கோப்பையும் கொழும்புக் கணினிக்கு அனுப்பும். கூடவே கோப்பின் பெயரையும் சொல்லும். அங்கே இருக்கிற இன்னொரு ஸ்கிரிப்ட் சொன்ன பெயரிலேயே சேமித்து வைக்கும்.

பரிமளத்தின் தம்பி தியாகராஜ் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். சுற்றிவளைப்பு ஒன்றில் அவனைப் பிடித்துவிட்டார்கள். அடையாள அட்டையை ஹந்தானையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான், மடையன். மறுநாள் கோர்ட்டில் பத்திரங்களைக் காட்டினால் விட்டுவிடுவார்கள், காட்டாவிட்டால் தெற்கே தடுப்பு முகாம்தான் என்று சட்டத்தரணி சொல்லிவிட்டார்.

பரிமளம் பத்திரங்களை எடுத்துக்கொண்டு நேராக பாலேந்திரன் சாரிடம் போனாள்.

“லீவு குடுங்க சார். நானே பஸ்ஸுல கொண்டுபோய் குடுத்துட்டு வந்துர்றேன்.”

“பஸ்ஸில ஏன் அலையிறியள், பிள்ளை? வழியில உங்களையும் பிடிச்சா என்ன செய்யிறது? ஃபோல்டருக்குள்ள போடுங்கோ. மத்தியானம் போயிடும்.”

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அந்த நல்லெண்ணத்தில் இடி விழ.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், தோட்டத் துரையின் கடிதம், கடைசியாக ஒரு போட்டோ. வழக்கமாக நாங்கள் தகப்பன் பெயரின் முதலெழுத்தை மகன் பெயரோடு ஒட்டி, ஒரே சொல்லாகத்தான் கோப்புக்குப் பெயர் வைப்போம். பரிமளம் அன்றைக்கு அப்படிச் செய்யவில்லை. அவர்கள் லயத்திலேயே அதே முதலெழுத்தில் இன்னொரு தியாகராஜ் இருந்தான். முன்பு அவனைத் தேடி வந்தவர்கள் இவனைப் போட்டு அடித்திருந்தார்கள். மறுபடியும் ஆள் மாறிவிடக் கூடாதே என்று, அழகையா என்று தகப்பன் பெயரை முழுதாகத் தட்டி, இடம் விட்டு தியாகராஜ் என்று தட்டி, இன்னும் இடம் விட்டு அது என்ன பத்திரம் என்றும் போட்டாள். போலீஸ் கேட்டால் தோட்டத்து ஜனங்கள் பெயர் சொல்வதும் அப்படித்தான், தகப்பனிலிருந்து தொடங்கி.

மத்தியானம் ஸ்கிரிப்ட் ஓடியது. ஒவ்வொரு கோப்புக்கும் ‘அனுப்பப்பட்டது’ என்று திரையில் வந்தது. பரிமளத்துக்கு உயிர் வந்தது. எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள்.

அடுத்த நாள் காலையில் சட்டத்தரணி கோர்ட் வாசலில் இருந்து அழைத்தார். அழகையா என்ற பெயரில் ஒரு போட்டோ மட்டும்தான் வந்திருக்கிறது, மற்றப் பத்திரங்கள் எங்கே என்று கேட்டார். வழக்கு அதற்குள் முடிந்துவிட்டது. தியாகராஜை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கல்யாண வீட்டில் புதுச் சட்டையோடு சிரித்துக்கொண்டு நின்ற போட்டோ அது. அதை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் நீதவானிடம் எதைச் சொல்வார்? தியாகராஜ் போர் முடியும்வரை உள்ளேயே கிடந்தான்.

பாலேந்திரன் சார் கணினிக்கு முன்னால் குனிந்து பார்த்தார்.

“பேரில இடைவெளி வந்தா ஸ்கிரிப்ட் முதல் சொல்லோட நிண்டிடும். நாலும் அழகையா எண்ட ஒரே பேரில போயிருக்கு. பின்னால போனது முன்னால போனதை அழிச்சுப் போட்டுது. கடைசியாப் போன போட்டோதான் மிஞ்சினது. முழுக்க ஒரே பேர் எண்டு காட்ட, பேரைச் சுத்தி மேற்கோள் குறி போட்டிருக்க வேணும், நான் விட்டிட்டன்.”

மேற்கோள் குறி! ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்ப அது போதும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

“நீங்க ஓட்டிப் பாக்கலயா சார்?” என்று பரிமளம் கேட்டாள்.

“பாத்தனான், பிள்ளை. என்ர பேரைப் போட்டுப் பாத்தனான். சரியாப் போனது.”

“ஒங்க பேரு ஒரே சொல்லு, அது போகும் சார். எங்க ஆளுங்க பேரப் போட்டு ஒரு தடவ பாக்கணும்னு ஒங்களுக்குத் தோணவே இல்லயே.”

அவர் குறிகளைப் போட்டு மறுபடியும் அனுப்பினார். நாலும் முழுப் பெயரோடு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. “இப்ப எல்லாம் வந்திட்டுது,” என்றார். யாருக்கு வந்தது? எனக்கு அந்தக் கணினியைத் தூக்கிக் கண்டி வாவிக்குள் எறிய வேண்டும் போல இருந்தது. பரிமளம் அலுமாரியைத் திறந்து அசல் பத்திரங்களை எடுத்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டாள். இந்த முறை லீவு கேட்கவில்லை.

“தனியப் போகாதீங்க புள்ள, நானும் வாறன்,” என்று கூடவே கிளம்பினேன்.

தடுப்பு முகாமில் அன்றைக்கு எங்களை உள்ளே விடவில்லை. கதவில் நின்ற காவல்காரன் மட்டும் பையை வாங்கினான். ஒவ்வொரு பத்திரமாக எடுத்து, வெயிலுக்குப் பிடித்து, பொறுமையாகப் படித்தான். தகப்பன் பெயரையும் மகன் பெயரையும் வாய்விட்டுச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தான்.

“எல்லாம் சரியாக இருக்கிறதே, நங்கி,” என்று தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில் சொன்னான். “இதைக் கோர்ட்டில் காட்டியிருந்தால் அப்படியே வீட்டுக்கு விட்டிருப்பார்களே. ஏன் யாரும் கொண்டுவரவில்லை?”

பரிமளம் பத்திரங்களை வாங்கித் துணிப்பைக்குள் அடுக்கினாள். எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அவன் மேல் ஒரு பிழையும் இல்லை.