மைதானத்தில் இரண்டு கோடுகள்

தொண்ணூறுகளில் பெங்களூரில் ஒரு கல்லூரி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது என் வேலை. அங்கே புதிதாக வந்த கால்பந்து கோச் ஒல்லியான மனிதர். கழுத்தில் விசில் தொங்கும். ஆனால் ஊதமாட்டார், கைதான் தட்டுவார். யாரிடமும் பேசக் கூச்சப்படும் நானே ஒருநாள் ஏன் என்று கேட்டுவிட்டேன்.

“ஊதுனா நின்னுடுவாங்கப்பா. எனக்கு அவங்க ஓடணும்.”

அதுவரை எங்கள் பையன்கள் பந்தைத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னால் துரத்துவார்கள். அவர் அதை மாற்றினார். மைதானத்தின் நீளத்துக்கு என்னை இரண்டு கோடுகள் போடச் சொன்னார். அவற்றை ஒட்டியே, சின்னச் சின்ன பாஸாகக் கோல் வரை போகப் பழக்கினார். பையன்கள் தடுமாறினார்கள், தோற்றுக்கொண்டே இருந்தோம்.

“பரிமாறினது போதும், கோல் போடுங்கடா!” என்று பக்கத்து நீலசந்திரா பேட்டையிலிருந்து ஆட்டம் பார்க்க வரும் ஆட்கள் வேலியோரம் நின்று கத்துவார்கள்.

“இன்னும் ஒரு சீசன் குடுங்க சார்” என்று அவர் பிரின்சிபாலிடம் கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். கொடுக்கவில்லை.

அடுத்த கோச் பழையபடி தூக்கி அடிக்கச் சொன்னார். கோடுகளையும் அழிக்கச் சொன்னார். நான் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்த நேரம், பழைய கோச் தன் பூட்ஸை எடுத்துப்போக வந்தார்.

“என்னப்பா, போகுதா?”

“போகல சார். சுண்ணாம்புல புல்லே கருகிடுச்சு.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்ப மழை வர்ற வரைக்கும் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, சிவாஜிநகர் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது; புதுப்புல் முளைத்துக் கோடுகள் மறைந்துபோயின. கொஞ்ச நாள் தள்ளிப் பெய்திருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.