கம்ப்யூட்டர் போட்ட வட்டம்

இன்று வெள்ளவத்தையில், அக்காவின் மார்பைப் படமெடுத்த இடத்தில் நடந்தது.

படத்தில் ஓரிடத்தைக் கம்ப்யூட்டர் வட்டம் போட்டுக் காட்டியது. ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் புற்றுநோயை அடையாளம் காணப் பழகிய கம்ப்யூட்டராம்.

“இந்த இடத்தில் முன்பு காயம் ஏதும் பட்டதா?” டொக்டர் சிங்களத்தில் கேட்டார்.

“இல்லை” என்றாள் அக்கா, சோதனைச் சாவடியில் சொல்லும் அதே வேகத்தில். உடம்பில் காயத் தழும்பைக் கண்டால் எங்களை இயக்கத்தில் சண்டை பிடித்தவர்களாகத்தான் பார்ப்பார்கள் என்று தெரியும்தானே.

“அப்படியானால் ஊசியால் சதை எடுத்துப் பார்க்கவேண்டும்.”

நான் மெதுவாக, “அக்கா, யாழ்ப்பாணத்தில பட்ட ஷெல் காயத்தைச் சொல்லுங்கோ” என்றேன்.

“உனக்கென்ன விசரே? உந்தக் கம்ப்யூட்டரில பதிஞ்சு ஆருக்குக் குடுப்பினமோ!”

கடைசியில் நானே சொன்னேன். டொக்டர் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். படத்தையும் மறுபடி பார்த்தார்.

“பழைய காயம்தான். கம்ப்யூட்டருக்குச் சந்தேகப்பட மட்டும்தான் தெரியும். விசாரித்துப் பார்ப்பது எங்கள் வேலை.”

திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். அங்கே சந்தேகப்படுவதோடு வேலை முடிந்துவிடுகிறது.

அக்கா இன்னும் என்னோடு கதைக்கவில்லை.

உங்கள் அனுபவங்களையும் கீழே எழுதுங்கள். தழும்பு எந்த இடத்தில் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.