ரேச்சல் எழுதிய வரி

"வாசி பாப்பம்" என்கிறார் ரேச்சல். திரையில் இருப்பது நான்கு வருட அனுபவமுள்ள பொறியியலாளர் மூன்று மாதமாக எழுதிய கணினி நிரல். அதை ஊர்க் கடிதம் வாசிப்பதுபோல வாய்விட்டு வாசிக்க வேண்டும். பத்தாவது வரியில் வாசிக்கிறவருடைய குரல் இறங்குகிறது.

"உது என்னத்துக்கு உதிலை நிக்குது?"

"தெரியேல்லை அக்கா. எடுத்தா ஏதேன் உடையுமெண்டு விட்டனான்."

"எழுதின உமக்கே விளங்காட்டி, நாளைக்கு உதைத் திருத்த வாறவன் பாவமெல்லே?"

ரேச்சலுக்கு நாற்பத்தாறு வயது. சண்டிலிப்பாயிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். யாழ்ப்பாண நகரத்து மென்பொருள் நிறுவனங்கள், நிரலைப் பழுதில்லாமல் எழுதப் பழக்குவதற்கென்று ஒரு கிழமை, இரண்டு கிழமை இவரைக் கூப்பிடும். மற்றவருடைய விசைப்பலகையைத் தொடமாட்டார்; கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே பாடம் நடத்துவார். "முதல் அது எப்பிடியெல்லாம் பிழை விடும் எண்டு யோசி. அதுக்கொரு சோதினை எழுது. பிறகு நிரலை எழுது." பாராட்டு இவரிடம் லேசில் கிடைக்காது. ஒருமுறை "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் இரண்டு தரம் சொன்னாராம்.

இன்னொரு பித்தும் உண்டு. தான் எழுதும் நிரலை எல்லாம் இணையத்தில் திறந்து போட்டுவிடுவார். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், காசில்லை. கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் அகப்பட்டவருக்கும் இதைப் பிரசங்கம் செய்வார். "பூட்டி வைச்சா பிழை உள்ளுக்கையே கிடக்கும். நாலு பேர் பாத்தாத்தான் வெளியிலை வரும்." நாலு பேர் பார்ப்பார்கள் என்று எல்லோரும் இருந்துவிட்டால் ஒருவருமே பார்ப்பதில்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்படித் திறந்து போட்டதில் ஒன்று, ஒரே நோயாளியை இரண்டு தடவை பதிந்திருந்தால் கண்டுபிடித்து ஒன்றாக்கும் சின்ன நிரல். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒத்துவந்தால் ஒரே ஆள். இரண்டு பதிவுகளும் முரண்பட்டால் பிந்தியதை நம்பும். நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை அதை எடுத்துத் தன் கணினிப் பதிவேட்டில் பொருத்தியிருந்தது.

இந்த மாசியில் அடைக்கலநாதன் என்ற முதியவர் காலில் புண்ணோடு அங்கே வந்தார். அதே பெயரில், அதே தகப்பன் பெயரில் இன்னொருவரும் அங்கே பதிவில் இருந்தார். இருவரும் கடைசி யுத்தத்தில் எல்லாப் பத்திரங்களையும் தொலைத்தவர்கள். வருடம் மட்டும் தெரிந்து தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி முதலாம் தேதி என்று எழுதிவிடுவது வழக்கம்; இவர்களுக்கு வருடமும் ஒன்றாக அமைந்துவிட்டது. நிரல் இரண்டு மனிதர்களையும் ஒருவராக்கியது. வந்தவரின் பழைய பதிவில் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றிருந்தது. மற்றவரின் புதிய பதிவில் அப்படி எதுவும் இல்லை. புதியதே நின்றது. ஊசி போட்டார்கள். மத்தியானத்துக்கு முன் அவர் இறந்துபோனார்.

பதிவுப் பகுதியில் இருந்த சிசிலியா பிழையாகப் பதிந்துவிட்டாள் என்று சொல்லி அவளை வேலையால் நிறுத்தினார்கள். அவளும் நம்பிவிட்டாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "நான்தான் அண்டைக்கு அவசரப்பட்டிட்டன்" என்றாள். சோறு இறங்கவில்லை.

மருத்துவமனையின் கணினிப் பகுதிப் பொறுப்பாளர் பிரகாஸ் ரேச்சலிடம் படித்தவர். சங்கதியைக் கண்டுபிடித்துத் தொலைபேசியில் சொன்னதும் அவர்தான். ரேச்சல் நிரலைத் திறந்தார். எந்த வரியை யார், எப்போது எழுதினார் என்று காட்டும் கட்டளை ஒன்று உண்டு. மூன்றும் ஒத்துவந்தால் ஒரே ஆள் என்ற வரிக்கு நேரே, எட்டு வருடத்துக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்தில் ரேச்சலின் பெயர். அவருடைய கணவர் எட்வேர்ட் முல்லைத்தீவுக்காரர். அவருடைய அடையாள அட்டையிலும் ஜனவரி ஒன்றுதான். ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் "அரசாங்கம் தந்த பிறந்தநாள்" என்று சிரித்துக் கேக் வெட்டுகிற வீடு அது.

"வீட்டுக்குள்ளை வைச்சுக்கொண்டே மறந்திட்டன்" என்று எட்வேர்டிடம் சொன்னார்.

பிரகாஸ் வீட்டுக்கே வந்து கெஞ்சினார். "அக்கா, வரியைத் திருத்திப்போட்டுப் பேசாமல் இருங்கோ. வியாழக்கிழமை ஆஸ்பத்திரி விசாரணை முடிஞ்சிடும். வெளியிலை தெரிஞ்சா இனி ஆரும் உங்களைக் கூப்பிடாயினம்."

"அப்ப சிசிலியா?"

"அவவுக்கு வேறை எங்கையேன் வேலை எடுத்துக் குடுப்பம்."

"தன்ரை கையாலை ஒரு உசிர் போச்செண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள், பிரகாஸ். அதுக்கு என்னத்தை எடுத்துக் குடுப்பாய்?"

அன்றே நிரல் இருந்த பக்கத்தில், பிழை என்ன, யார் செய்தது, அதனால் ஒரு மனிதர் செத்துப்போனார் என்று தன் பெயரிலேயே எழுதி வெளியிட்டார். அடுத்த நாள் இரண்டு நிறுவனங்கள் "இப்போதைக்கு வகுப்பு வேண்டாம்" என்று குறுஞ்செய்தி அனுப்பின. 

வியாழக்கிழமை யாரும் கூப்பிடாமலே விசாரணைக்குப் போனார். மேசையின் ஒரு பக்கம் மருத்துவமனைப் பெரியவர்களும் பிரகாஸும். எதிர்ப்பக்கம் செத்தவரின் மனைவி மனோன்மணி. அவருக்கு நேரே, தனியாகப் போட்ட கதிரையில் சிசிலியா, தலை குனிந்தபடி. ரேச்சல் தாள்களை விரித்து நடந்ததையெல்லாம் சொன்னார். தலைமை தாங்கியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது தொழில்நுட்ப விசயம். அறிக்கையில் ஒரு பின்னிணைப்பாகச் சேர்ப்போம்" என்றார்.

மனோன்மணி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "எனக்கு உதுகள் ஒண்டும் விளங்கேல்லை, பிள்ளையள். ஆராலை அவர் செத்தவர் எண்டதை மட்டும் சொல்லுங்கோ."

சிசிலியாதான் மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

ரேச்சல் மேசையைச் சுற்றி நடந்துபோய் அவளுடைய தோளைத் தொட்டார். "எழும்பு பிள்ளை."

அவள் ஒன்றும் புரியாமல் எழுந்தாள். ரேச்சல் அந்தக் கதிரையில் மனோன்மணிக்கு முகம் கொடுத்து உட்கார்ந்தார்.