நாத்தனார் கடந்த கணவாய்

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு, திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மழை ஓய்ந்து வெயில் அடித்தது. கூட்டேரிப்பட்டில் ஒரு வெளிநாட்டுப் பெண் ஏறினாள். ஆரோவில்லிலிருந்து கிளம்பியவளாக இருக்க வேண்டும். முதுகிலிருந்த பெரிய பையைக் கழற்றி, வைக்க இடமில்லாமல் என் கால்மாட்டில் வைத்துவிட்டு, மன்னித்துக்கொள் என்கிற மாதிரி சிரித்தாள். மழையில் நனைந்து, வெயிலில் அரைகுறையாகக் காய்ந்து, உள்ளே ஈரக் காலுறையும் சேர்ந்து கிடக்கிற பைக்கென்று ஒரு வாடை உண்டு. அது மூக்கில் ஏறியதுமே அடிவயிற்றில் ஒரு எரிச்சல். மத்தியானம் நன்றாகத்தான் சாப்பிட்டிருந்தேன். வயிற்றெரிச்சல் என்று சொல்வார்களே, அசல் அதுதான்.

அந்த எரிச்சல் அந்தப் பெண்மேல் இல்லை. என் நாத்தனார் புவனாமேல். வருஷங்கள் ஆகியும் ஆறாதது.

நான் சமூக அறிவியல் டீச்சர். ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் இமயமலையைச் சாக்பீஸால் மூன்று வரிசையாக வரைவேன். மணி அடித்ததும் அழித்துவிடுவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அழிக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. சில வருஷம் போனதும், இதை ஒருதரம் காலால் நடந்து பார்த்துவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. மூட்டையை நாமே சுமந்துகொண்டு, கூடாரத்தில் படுத்து, நாள்கணக்கில் நடந்து ஒரு கணவாயைக் கடக்கிற பயணங்கள் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதும் வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்.

"தனியாலாம் வேணாம். புவனாவ கூட்டிக்கினு போறதா இருந்தா போ."

புவனா அவருடைய தங்கை. விழுப்புரத்தில் கோர்ட்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். அவளைச் சோம்பேறி என்று சொன்னால் அவளே கோபித்துக்கொள்ள மாட்டாள். தெருமுனைக்குப் போக ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருப்பவள். இமயமலை என்றதும் அவள் கேட்ட ஒரே கேள்வி:

"அங்க படுக்கறதுக்கு எடம் இருக்குமா அண்ணி?"

நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் செஞ்சிக் கோட்டைக்குப் போய் ராஜகிரி ஏறி இறங்கிப் பழகினேன். பையில் பழைய பாடப்புத்தகங்களை அடைத்துக்கொண்டு ஏறுவேன். புவனாவையும் இழுத்துக்கொண்டு போவேன். அவள் அடிவாரத்திலேயே வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "நீங்க ஏறிட்டு வாங்கண்ணி. நான் நெழல்ல குந்திக்கினு இருக்கேன்." நான் நாக்குத் தள்ளி இறங்கி வரும்போது, மரத்தடியில் துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பாள். இவளை எப்படி மலைமேல் இழுத்துக்கொண்டு போகப் போகிறேன் என்று நான் கவலைப்பட்டதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. முழுச் சிரிப்பு இல்லை.

மே மாதம் போனோம். ரயில், பஸ், ஜீப் என்று மாறி மாறி, சாலை முடிகிற ஒரு மலைக் கிராமத்தில் இறங்கினோம். புனே, பெங்களூர் என்று வெவ்வேறு ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர், வழிகாட்டியாகக் கரண் என்று ஒரு மலைக்காரப் பையன், கூடாரமும் சமையல் சாமானும் சுமக்கக் கோவேறு கழுதைகள். நம் துணிமணி, படுக்கை எல்லாம் நம் முதுகில். முதல் நாள் பையை மாட்டியதும் எனக்குத் தோள்பட்டை இரண்டும் காதுக்கு வந்துவிட்டன. புவனா பையை மாட்டிக்கொண்டு ஒரு குலுக்குக் குலுக்கினாள், ஜெராக்ஸ் பேப்பர் பண்டலைத் தூக்குகிற மாதிரி. "கனமாவே இல்லியேண்ணி" என்றாள். அப்போது ஆரம்பித்தது எனக்கு.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். விடியும்போது கூடாரத்தின் உட்பக்கத் துணியெல்லாம் நம் மூச்சே பனியாகப் படிந்திருக்கும். எழுந்து உட்கார்ந்தால் தலையில் கொட்டும். வெளியே வைத்த பூட்ஸ் விறைத்துப்போய்க் கால் நுழையாது. பல் தேய்த்தால் ஈறு மரத்துவிடும். ஒதுங்குவதற்குப் பாறை தேட வேண்டும். நல்ல பாறைகளை முன்னால் எழுந்தவர்கள் பிடித்திருப்பார்கள். பிறகு ஸ்லீப்பிங் பேக்கைச் சுருட்டி அதன் உறையில் திணிக்கிற வேலை. என்னுடையது ஒருநாளும் முழுதாக உள்ளே போனதில்லை. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்கும். புவனா சுருட்டவே மாட்டாள். கைக்கு வந்தபடி பிடித்துப் பிடித்து உள்ளே குத்துவாள், தலையணை உறையில் பஞ்சு அடைக்கிற மாதிரி. நான் முழங்காலால் மிதித்துக்கொண்டிருக்கும்போது அவள் டீ குடித்துக்கொண்டிருப்பாள். இரண்டாவது டம்ளர்.

நடக்க ஆரம்பித்தால் எல்லாம் மூச்சுதான். நான் வீடியோ பார்த்துக் கற்றபடி மூக்கால் இழுத்து, வாயால் விட்டு, அடிகளை எண்ணிக்கொண்டு நடப்பேன். அவள் எதையும் எண்ணவில்லை. பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறவள் மாதிரி போய்க்கொண்டே இருந்தாள். கரண் திரும்பிப் பார்த்து, அவளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். எனக்கு, "மெதுவா, மெதுவா" என்று கையைக் கீழே அமர்த்திக் காட்டுவான்.

பேச்சு விஷயம் இன்னும் மோசம். நான் டியூஷன் வைத்து இந்தி படித்தவள். நான் பேசிய இந்தியைக் கரண் மரியாதையாகக் கேட்டுவிட்டு, பக்கத்திலிருப்பவரிடம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பான். புவனா விழுப்புரம் தமிழிலேயே பேசினாள். "இன்னாப்பா, இன்னும் எவ்ளோ தூரம்?" என்றால் அவன் மலையைக் காட்டிப் பதில் சொன்னான். கழுதை ஓட்டுகிறவர் அவளுக்குத் தன் பேத்தி படத்தைக் காட்டினார். நான் வீட்டிலிருந்து அளவு பார்த்து வாங்கிவந்த முந்திரியையும் பேரீச்சம்பழத்தையும் யாரும் தொடவில்லை. அவள் பைக்குள் அள்ளிப் போட்டு வந்திருந்த மல்லாட்டை உருண்டைக்கு, அதுதான் வேர்க்கடலை உருண்டைக்கு, சண்டையே நடந்தது. பல் உடைகிற மாதிரி கெட்டி. புனேக்காரர்கள் அதன் பேரைக் கற்றுக்கொண்டு, மத்தியானம் பையை இறக்கியதுமே "மல்லாட்டே, மல்லாட்டே" என்று கையை நீட்டினார்கள்.

ஓடைகளைக் கடக்கும்போது பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு இறங்க வேண்டும். அந்தத் தண்ணீர் குளிரவில்லை, வலித்தது. எல்லோரும் நடுவில் நின்று அலறினோம். அவளும்தான் அலறினாள். ஆனால் அக்கரை ஏறியதும் சிரித்துவிட்டாள். நான் அழுதேன். ஈரக் காலுறைகளைப் பையின் பின்பக்கம் ஊக்கு குத்தித் தொங்கவிட்டு நடந்தால் மாலைக்குள் காய வேண்டும். அவளுடையது காய்ந்தது. ஒரே வெயில், ஒரே காற்று, ஒரே கடையில் வாங்கிய காலுறை. எப்படி என்று இன்றுவரை தெரியவில்லை.

அதற்காக அவள்மேல் பிரியம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். என் குதிகாலில் கொப்புளம் உடைந்தபோது மடியில் காலை எடுத்து வைத்துக்கொண்டு பிளாஸ்திரி ஒட்டியவள் அவள்தான். "இன்னா அண்ணி, பச்சப்புள்ள காலாட்டம் வெச்சிருக்கீங்க" என்று ஊதிவிட்டாள். அப்போதும் என் கண் அவள் குதிகாலில்தான் இருந்தது. ஒரு கீறல் இல்லை.

கணவாய்க்கு முந்தைய கடைசி முகாம் ஒரு புல்வெளியில். அங்கே சேரும்போதே எனக்குத் தலை இரண்டாகப் பிளந்தது. இரண்டுதரம் வாந்தி எடுத்தேன். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டுகிற ஒரு கிளிப்பைக் கரண் என் விரலில் மாட்டிப் பார்த்தான், விரலைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டு மறுபடியும் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காமல் தலையை ஆட்டினான். மேலே போகக் கூடாது, மறுநாள் விடிந்ததும் கீழே இறங்கிவிட வேண்டும். கழுதைக்காரர் கூட வருவார்.

புவனா ஒரு நொடி யோசிக்கவில்லை. "செரி, நானும் அண்ணியும் எறங்கிடறோம்" என்று பையை எடுத்துவிட்டாள். "கீழ போனா சுடுதண்ணியாவது கெடைக்கும்ணி. நல்லாக் குளிக்கலாம்."

எனக்கு எது பொறுக்கவில்லை என்று கேளுங்கள். அவள் அவ்வளவு சுலபமாக விட்டதுதான். எத்தனையோ வருஷமாக நான் வரைந்து அழித்ததை, ஒரு வாளி வெந்நீருக்கு மாற்றிக்கொள்ள அவளால் முடிந்தது. அப்படி விட முடிகிற மனசின்மேல் எனக்குப் பொறாமை.

"நீ போ புவனா," என்றேன். "நீயாவது பாத்துட்டு வந்து சொல்லு."

"உங்கள வுட்டுட்டா? அண்ணன் கேட்டா நான் இன்னா சொல்றது?"

"நான்தான் போவச் சொன்னேன்னு சொல்லு."

இன்னும் ஒருதரம் மறுப்பாள் என்று காத்திருந்தேன். அவள் எடுத்த பையை மறுபடி கீழே வைத்தாள். "செரிண்ணி" என்றுவிட்டாள்.

விடியுமுன் அவர்கள் தலைவிளக்குகள் வரிசையாக மேலே போவதைக் கூடார வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். எந்த வெளிச்சம் அவள் என்று தேடினேன். ஆடாமல் அசையாமல் போன ஒன்றை அவள் என்று முடிவுசெய்துகொண்டேன்.

நான் இறங்கி, ஜீப் பிடித்து, மலையைச் சுற்றிக்கொண்டு போய், மறுபக்கத்து ஊரில் காத்திருந்தேன். இறங்க இறங்கத் தலைவலி போய்விட்டது. அதுவேறு எரிச்சல். ஒருநாள் சாயங்காலம் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். மூக்கு தோலுரிந்து, உதடு வெடித்து, புவனா நடுவில் வந்தாள். வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் ஒரே குரலில், "விழுப்புரம் பஸ் ஸ்டாண்ட்!" என்று கத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். விஷயம் என்னவென்றால், மூச்சிறைக்க உச்சியைத் தொட்டபோது அங்கே ஏற்கனவே வேறொரு கூட்டம் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்ததாம். இவள், "இன்னாது, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு மாரி இருக்குது" என்றாளாம். பெங்களூர்க்காரர் யாரோ மொழிபெயர்த்திருக்கிறார். அதற்கப்புறம் வழியெல்லாம் இதே சிரிப்பு. என் ஊர், என் பஸ் ஸ்டாண்டு. நான் இல்லாத இடத்தில் அது ஒரு வேடிக்கையாகி, முடிந்தும் போயிருந்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

ஊருக்குத் திரும்பியதும் என் மாமியார் தெருவெல்லாம், "எம்பொண்ணு இமயமலையே ஏறி எறங்கிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாராவது என்னைப் பார்த்தால், "இவளும் கூட போனா" என்பார்.

குளிரில் அவள் போன் அணைந்துவிட்டதால், மேலே எடுத்த படம் அவளிடம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் அனுப்பிய படங்களில் கறுப்புக் கண்ணாடியும் குல்லாயும்தான். யார் எவர் என்று தெரியாது. ஆகவே அவள் வாய்தான் எனக்கு மிச்சம். சமையற்கட்டில், மாடியில் துணி காயப்போடும்போது, கடையில் அவளுக்கு டிபன் கொடுக்கப் போகும்போது என்று விடாமல் கேட்டேன்.

"மேல எப்படி இருந்துச்சு?"

"காத்துதாண்ணி. நின்னா தள்ளுது."

"அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் பச்சையே இல்ல. தண்ணி வத்துன ஏரியாட்டம், ஒரே மண்ணு கலரு. வெயிலு அடிக்குது, ஆனா சுடல."

"அப்புறம்?"

"அப்புறம் எறங்கிட்டோம்ணி."

அவ்வளவுதான் வரும். அடுத்த மாதம் கேட்டால், கிழிந்துபோன கலர்த்துணிக் கொடிகள் படபடத்தது வரும். இன்னொருநாள், அங்கே ஒரு கறுப்புப் பறவை இவள் கையிலிருந்த மல்லாட்டை உருண்டையைக் கொத்திப் போனது வரும். நான் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்தேன். அவளுக்கு வானூரில் மாப்பிள்ளை அமைந்து, ஒரு பிள்ளையும் பிறந்தது. பாண்டிச்சேரியில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறாள். அதற்குப் பிறகு மலைப்பக்கம் போகவில்லை, போக வேண்டும் என்று அவள் சொல்லியும் நான் கேட்டதில்லை. எனக்கோ முட்டி போய்விட்டது. பள்ளியில் மாடி வகுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பஸ்ஸில் அந்தப் பெண்ணைப் பார்த்த வாரமே ஒரு வீடியோ வந்தது. கரண் புவனாவுக்கு அனுப்பி, அவள் எனக்கு அனுப்பியது. நாங்கள் நாள்கணக்கில் நடந்த வழியில் சாலை போட்டுவிட்டார்கள். ஓடைகளுக்குப் பாலம். கடைசி முகாம் இருந்த புல்வெளியைச் சமப்படுத்தி, வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. அங்கிருந்து கணவாய்க்குப் படிக்கட்டு. இனி யார் நினைத்தாலும் அந்த வழியில் பையைச் சுமந்து நடக்க முடியாது. என் முட்டியோடுகூட அங்கே போய்விடலாம். போனாலும் அவள் போனது ஆகாது.

கொஞ்சநேரத்தில் அவளே போன் செய்தாள்.

"வீடியோ பாத்தீங்களா அண்ணி? இது எந்த எடம்னே தெரிலியே."

"நாம கடைசியா டென்ட் போட்ட எடம் புவனா."

"அதுவா?" என்றாள். பின்னால் பிள்ளை எதையோ கேட்டு அழுதுகொண்டிருந்தான். "மேல எப்டி இருந்துச்சு? எனக்குச் சுத்தமா மறந்தே பூடுச்சுண்ணி."

சொன்னேன். நின்றால் தள்ளுகிற காற்று, கிழிந்த கொடிகள், அந்தப் பக்கம் தண்ணீர் வற்றிய ஏரி மாதிரி விரிந்து கிடந்தது, சுடாத வெயில், உருண்டையைக் கொத்திப் போன கறுப்புப் பறவை. நான் சொல்லச் சொல்ல, "ஆமா, ஆமா" என்று கதை கேட்கிறவள் மாதிரி கேட்டுக்கொண்டாள். மறப்பதற்கென்றாவது அவளிடம் ஒன்று இருந்திருக்கிறது என்று தோன்றியது எனக்கு.

"நீங்க நல்லா ஞாபகம் வெச்சிருக்கீங்கண்ணி," என்றாள். "நாம ரெண்டு பேரும் மேல நின்னு போட்டோ எடுத்துக்கினோமே, அது யார்கிட்ட இருக்குது?"

நான் பதில் சொல்வதற்குள் பிள்ளையை அதட்டினாள். மறுபடி, "அண்ணி? லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன்," என்றேன். "தேடிப் பாக்கறேன் புவனா."