அண்ணையின் கயிற்றுப் பலகை

கனடாவின் மொன்றியல் நகரில் எங்கள் சரிவான தெருவில் இருந்த அண்ணையின் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. குல்லாய்க்கு மேல் இன்னொரு குல்லாய் போட்டிருப்பார். மகன் கைவிட்ட ஸ்னோபோர்ட் என்ற பனிச்சறுக்குப் பலகையின் முனையில் துளையிட்டு, கயிறு கட்டி, அரிசி மூட்டையை இழுத்து வருவார்.

"இது விளையாட்டுச் சாமானல்லோ அண்ணை?" என்று சிரித்தேன்.

"தம்பி, முதன்முதல் ஒரு தகப்பன் பிள்ளையளுக்காக ரெண்டு ஸ்கீச் சறுக்குக் கட்டையைச் சேர்த்துப் பூட்டித்தான் இதைச் செய்தவர். அதின்ரை முன்னுக்குக் கயிறு இருந்தது. பேந்து வந்தவங்கள் கழட்டிப்போட்டாங்கள். நான் திருப்பிக் கட்டினன். கயிறு இருந்தால் நேராப் போகும், பாரும்."

மூட்டையோடு பலகையில் ஏறி நின்றார். அடுத்த கணம் அண்ணை பனிக்குவியலில் கிடந்தார். அரிசி மூட்டை மட்டும் பலகையோடு நேராகச் சறுக்கி, கீழே வாசலில் நின்ற அவர் மனைவியின் காலடியில் போய் நின்றது.

"பாத்தீரே, கயிற்றின்ரை வேலையை!" என்றார் பெருமையாக.

பலகையிலிருந்து அறுந்த கயிறு அவர் கையில் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.