பெண்கள் நேரம்: மூன்றிலிருந்து ஐந்து

எங்கள் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இரண்டு பாய்லர்கள் உண்டு என்று வார்டு ஊழியர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ஒன்று சுவரை ஒட்டி நிற்கும் இரும்பு. இன்னொன்று மடிப்பு மேசையில் எனக்கு எதிரே நிற்பவள். வயது நாற்பத்தேழு. பாய்லரக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால், "அது யாரு, புதுசா சேந்தவங்களா?" என்று கேட்பார்கள்.

பதினோரு வருடமாக அவளோடு ஒரே மேசையில் துணி மடிக்கிறேன். படுக்கை விரிப்பின் ஒரு முனையை நானும் மறு முனையை அவளும் பிடித்து, உதறி, நடுவில் வந்து சேர வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு தடவை ஒருத்தியின் முகத்துக்கு நேரே போய்த் திரும்பினால், அவள் வீட்டு நிலவரம் சொல்லாமலே விளங்கிவிடும். திங்கட்கிழமைகளில் அவள் உதறும் உதறலில் விரிப்பு என் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போகும்.

"ஞாயித்துக்கிழமை எப்படிப் போச்சுக்கா?"

"போச்சு. எல்லாருக்கும் நல்லாப் போச்சு."

அவள் புருஷன் சரக்கு வேன் ஓட்டுகிறவர். ஞாயிறு விடிந்ததும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிடுவார். "நாலு காத்து மேல படணும். அப்பத்தான் மறுநாள் ஸ்டியரிங்கப் பிடிக்க முடியும்" என்பார். பத்து மணிக்கு ஒரு வாளி மீனோடும் இரண்டு நண்பர்களோடும் திரும்புவார். வாளியைச் சமையலறை வாசலில் இறக்கி வைத்ததும் அவர் பொழுதுபோக்கு முடிந்துவிடும். செதில் சீவுவது, குடல் எடுப்பது, பொரிப்பது, மூன்று பேருக்கும் பரிமாறுவது, அந்த வீச்சம் போகும்வரை தொட்டியைத் தேய்ப்பது எல்லாம் அவள் பாடு.

மதியத்துக்குமேல் மகன். செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. கீபோர்டு வாசிப்பான். அவனும் மூன்று கூட்டாளிகளும் கூடத்தில் உட்கார்ந்து ஒரே பாட்டின் ஒரே நாலு வரியைப் போட்டு வதைப்பார்கள். பக்கத்து அறையில் மாமனாரும் டெலிவிஷனும். அவருக்குக் காது மந்தம். கீபோர்டு சத்தம் ஏற ஏற அவர் டெலிவிஷனை ஏற்றுவார், அவர் ஏற்ற ஏற்ற இவர்கள் கீபோர்டை ஏற்றுவார்கள். இரண்டு பக்கமிருந்தும் மாறி மாறி வரும் குரல் ஒன்றுதான்: "டீ!"

"ஒருத்தனாவது கெட்டவனா இருந்தா திட்டித் தீத்துடலாம்டி" என்றாள் ஒரு நாள், தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டே. "குடிக்கறதில்ல, கை நீட்டறதில்ல. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. அந்தச் சந்தோஷத்துக்கு எடுபிடி நான்."

கடைசியில் அந்த டெலிவிஷன்தான் அவளை உசுப்பிவிட்டது. ஒரு ஞாயிறு மதியம், யாரோ ஒரு டாக்டர் திரையில் உட்கார்ந்து, வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது உங்களுக்கே உங்களுக்கென்று ஒதுக்குங்கள், திறந்த வெளியில் உடம்பை அசையுங்கள், இல்லாவிட்டால் ரத்தக்கொதிப்பு வரும் என்று பேசிக்கொண்டிருந்தார். மாமனார் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். அந்தப் பக்கமாகப் போன இவளை நிறுத்தி, "கேட்டியாம்மா? எவ்வளவு கரெக்டா சொல்றாரு பாரு. டீ ஆச்சா?" என்றார்.

அவள் அடுப்பை அணைத்தாள். பால் பாதிக் கொதியில் நின்றது. கைப்பையை மாட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டாள். எங்கே போவது என்று தெரியாது. கால் பழகிய வழியிலேயே போனது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு முன்னால் ஊருக்குப் பொதுவான நீச்சல் குளம் ஒன்று இருக்கிறது. தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிற மதில். அன்றுதான் அதில் மாட்டியிருந்த பலகையைப் படித்தாள்: ஞாயிறு, பெண்கள் நேரம், மூன்றிலிருந்து ஐந்து.

மறுநாள் மேசையில் என்னிடம், "அடுத்த வாரம் நீயும் வரே" என்றாள். வருகிறாயா என்று கேட்கவில்லை. நான் பிள்ளைகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனேன்.

எங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது. கழுத்தில் விசில் தொங்க ஒரு லைஃப்கார்டு பெண் சொல்லிக்கொடுத்தாள். பாய்லரக்கா தண்ணீரில் இறங்கியதும் அதை அடிக்க ஆரம்பித்தாள். கையாலும் காலாலும் அப்படி ஓர் அடி. அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தண்ணி உங்களை என்னக்கா பண்ணுச்சு? சும்மா படுங்க. அது தாங்கும்."

படுக்க அவளுக்கு நாலு வாரம் ஆயிற்று. ஐந்தாவது வாரம் மல்லாந்து மிதந்தாள். எழுந்து வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "காது தண்ணிக்குள்ள போயிட்டா ஒரு பய கூப்பிடறதும் கேக்கலடி" என்றாள். அவள் முகத்தில் சுருக்கமில்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

வீட்டில் சும்மா விடுவார்களா? "இந்த வயசுல நீச்சலா?" என்று புருஷன் கேட்டாராம். "மீனோட வயசக் கேட்டுட்டுத்தான் தூண்டில் போடறீங்களா?" என்று இவள் கேட்டாளாம். மகன், "அப்ப டீக்கு என்னம்மா பண்றது?" என்றான். "பால் ஃப்ரிட்ஜுல இருக்கு. கை உன்கிட்ட இருக்கு."

இப்படி ஐந்து மாதம் ஓடியது. குளத்தின் அகலத்தை நிற்காமல் கடக்கும் அளவுக்கு அவள் தேறிவிட்டாள். நான் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தக் காகிதத்தை வாசலில் ஒட்டினார்கள். அடுத்த மாதத்திலிருந்து பன்னிரண்டு வாரம் பெண்கள் நேரம் கிடையாது. ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகக் குளத்தை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். குடும்பங்கள் ஓய்வு நேரத்தை எப்படி மகிழ்ச்சியாகக் கழிப்பது என்று காட்டும் நிகழ்ச்சியாம்.

குளத்தின் மேலாளர் நல்ல சட்டை போட்ட, நிதானமான மனிதர். ஞாயிறு தவறாமல் வரும் நாங்கள் ஏழெட்டுப் பேர் அவர் அறைக்குப் போனோம்.

"எங்களுக்கு ஞாயித்துக்கிழமைதான் சார் லீவு" என்றாள் பாய்லரக்கா.

"அதனால என்னம்மா? வார நாள்ல காலைல பத்து மணிக்குக் குளம் காலியாத்தான் கிடக்கு. வீட்ல சும்மா இருக்கற நேரத்துல வந்துட்டுப் போங்களேன்."

அந்தச் சொல் விழுந்ததும் அவள் முகம் போன போக்கு எனக்குத் தெரியும். விரிப்பின் மறு முனையிலிருந்து பல திங்கட்கிழமை பார்த்த முகம். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"காலைல பத்து மணிக்கு நான் ரத்தம் காஞ்ச துணிய எண்ணி மெஷின்ல போட்டுட்டிருப்பேன். இந்தம்மா பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சிட்டிருப்பாங்க. இவ நாப்பது பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக்குடுத்துட்டு நிப்பா. இதுல யாரு சார் சும்மா இருக்கா?"

"கோவப்படாதீங்க. எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்."

எழுதிக் கொடுத்தோம். முப்பத்தொரு பேர் கையெழுத்து. மேலேயிருந்து ஒரு பதிலும் கீழே வரவில்லை.

படப்பிடிப்பு தொடங்கிய ஞாயிறன்று நாங்கள் போனோம். உள்ளே விடமாட்டார்கள் என்றுதான் நினைத்தோம். விட்டார்கள். பார்வையாளர் வரிசை காலியாக இருந்ததாம். மேலாளரே வாசலுக்கு வந்து, "வாங்க வாங்க, உக்காருங்க. சிக்னல் காட்டும்போது கைதட்டணும், அவ்வளவுதான்" என்றார்.

எங்கள் குளத்தில், எங்கள் நேரத்தில், யாரோ நாலு பேர் ஓய்வாக இருப்பதற்கு நாங்கள் உட்கார்ந்து கைதட்ட வேண்டும். தண்ணீரில் ரப்பர் வாத்துகள் மிதந்தன. ஒரே நிறத்தில் பனியன் போட்ட அப்பா, அம்மா, பிள்ளைகள் கரையோரம் நின்று, யாரோ சொன்னபடி சிரித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

பாய்லரக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "மூணாச்சு" என்றாள். எழுந்தாள். மேல் உடுப்பைக் கழற்றினாள். உள்ளே நீச்சல் உடையோடுதான் வந்திருந்தாள். படியில் இறங்கி, வாத்துகளை விலக்கிவிட்டு, நடுக்குளத்துக்கு நீந்திப் போய் மல்லாந்து படுத்துவிட்டாள்.

கேமராக்காரர்கள் முதலில் இது நிகழ்ச்சியில் உள்ளதுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். மேலாளர் ஓடி வந்து கையைத் தட்டினார், கூப்பிட்டார், கத்தினார். அவள் காதுதான் தண்ணீருக்குள் இருந்ததே. அவர் லைஃப்கார்டு பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"இறங்கி இழுத்துட்டு வாம்மா!"

"ஆபத்துன்னாத்தான் சார் நான் இழுக்கலாம். அவங்க நல்லா மிதக்கறாங்களே."

அதைக் கேட்டதும் கண்டக்டரம்மா இறங்கினாள். பிறகு டீச்சர். மொத்தம் ஆறு பேர் அவள் பின்னால் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. கேமரா என் பக்கம் திரும்பியது. என் வீட்டுக்காரர் இதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்தேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இறங்காமல் போன அந்தக் கோபம் மட்டும் எனக்கு என் மேல்தான், வேறு யார் மேலும் இல்லை.

மேலாளர் பதிவேட்டைப் புரட்டி அவள் வீட்டு நம்பரைப் பிடித்துப் போன் போட்டார். அரை மணி நேரத்தில் புருஷன் வந்து சேர்ந்தார். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் வந்திருந்தார். செருப்போடு குளத்தின் விளிம்பில் நின்றார்.

"ஏய், வெளிய வா. ஊரே பாக்குது."

அவர் குனிந்து தண்ணீரைத் தட்டியதால்தான் அவள் தலையைத் தூக்கினாள்.

"பாக்கட்டும். இருபத்துநாலு வருஷமா மீன் பிடிக்கறீங்க. ஒரு நாளாவது நான் ஏரிக்கு வந்து, எழுந்து வாங்கன்னு கூப்பிட்டிருக்கேனா?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "இல்ல."

"உங்க பிள்ள வாசிக்கும்போது ஒயரப் பிடுங்கியிருக்கேனா? உங்கப்பா பாத்துட்டிருக்கும்போது டிவிய அணைச்சிருக்கேனா? எனக்கு ரெண்டு மணி நேரம். ரெண்டே ரெண்டு. அதுக்கும் ஆள் விட்டு இழுக்கறீங்க. அஞ்சு மணிக்கு வரேன். போங்க."

அவர் போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மேலாளர், "என்னங்க, ஒரு அதட்டு போடுங்க" என்றார்.

"அஞ்சு மணிக்கு வரேன்னு சொல்றா சார்."

ஐந்து மணிக்கு அவள் கரையேறினாள். அதற்குள் வெயில் போய்விட்டது என்று கேமராக்காரர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். பனியன் போட்ட பிள்ளைகளில் ஒன்று, வாத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று அழுதுகொண்டிருந்தது.

அந்த வாரமே படப்பிடிப்பைச் சனிக்கிழமைக் காலைக்கு மாற்றினார்கள். ஆக, முதலிலிருந்தே சனிக்கிழமை அவர்களுக்கு ஒத்துவந்திருக்கும். யாரும் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. பெண்கள் நேரம் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை. ஒழுங்கை மீறியதற்காக மூன்று மாதம் உள்ளே வரக் கூடாது என்று வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். அவள் முழுப் பெயரை அச்சில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதிலும் இரண்டு எழுத்துப் பிழை.

நாங்களும் போகமாட்டோம் என்று அவளிடம் சொன்னோம். சாமி வந்ததுபோல் ஆடிவிட்டாள். "அப்ப நான் எதுக்குடி தண்ணில கிடந்து ஊறினேன்? வேடிக்கை காட்டவா? ஒழுங்கா உள்ள போங்க. எவளாவது ஒரு வாரம் தவறினீங்கன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் இருக்கு."

அந்த மூன்று மாதமும் ஞாயிறு மூன்று மணிக்கு அவள் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவாள். ரயில் பாதையை ஒட்டி இரண்டு மணி நேரம், யாரையோ துரத்துவதுபோல் நடப்பாள். நாங்கள் ஈரத் தலையோடு வெளியே வரும்போது வியர்த்து வழிந்துகொண்டு வாசலில் வந்து நிற்பாள். "எத்தன பேர் வந்தீங்க?" என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள்.

வீடு ஒரேயடியாகத் திருந்திவிட்டது என்று சொல்லமாட்டேன். கேட்ட குரலுக்கு டீ வராததால் மகனின் கூட்டாளிகள் வேறொரு வீட்டுக்கு இடம் மாறினார்கள். அங்கே எந்த அம்மா மாட்டிக்கொண்டாளோ. புருஷன் ஒரு நாள் தானே மீனைச் சுத்தம் செய்கிறேன் என்று விரலை வெட்டிக்கொண்டார். தொட்டியெல்லாம் செதிலை ஒட்ட வைத்துவிட்டார். அதற்காக ஒரு வாரம் வாங்கிக்கட்டிக்கொண்டார். மாமனார் இப்போது காலையிலேயே ஃபிளாஸ்கில் டீ போட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார்.

தடை முடிந்து அவள் திரும்பி வந்த அன்று டிக்கெட் ஜன்னலில் மேலாளரே உட்கார்ந்திருந்தார். "இனிமேலாவது ஒழுங்கா நடந்துக்கங்கம்மா" என்றார்.

"நீங்க நேரத்துக்குக் கதவத் தொறங்க. நான் ஒழுங்காத்தான் இருப்பேன்" என்று டிக்கெட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

நான் அன்றைக்கு ஏன் இறங்கவில்லை என்று அவள் இதுவரை கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் கேட்காததுதான் முள்ளாகக் குத்துகிறது. போன மாதம் முதல் முறையாகச் சுவரை விட்டு ஆழப் பக்கத்தைக் கடக்கப் பார்த்தேன். பாதியில் கை ஓய்ந்துவிட்டது. மூக்கில் தண்ணீர் ஏறியது. எதிர்க்கரையில் அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று குளம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"கைய நல்லா நீட்டிப் போடுடி சோம்பேறி! அங்கயே நின்னே, நான் வந்து அமுக்கிடுவேன்!"

நான் கையை நீட்டிப் போட்டேன்.